கிஷோரின் வீரப்பனும் மைசூரு தடா நீதிமன்றமும்

2013 பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் பெயர் இரண்டு காரணங்களுக்காகச் செய்தித்தாள்களில் அடிபட்டது. பெல்காம் ஹிண்டல்கா சிறையில் இருந்த நான்கு பேரின் கருணை மனுக்களைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி நிராகரித்துவிட்டார் என்ற செய்தி 13ஆம் தேதி வெளியானது. 1993இல் 22 பேரைப் பலிகொண்ட பாலாறு கண்ணிவெடி வழக்கில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின்கீழ் மைசூரு நீதிமன்றம் தண்டித்தவர்கள் அவர்கள். மறுநாள் ஏ.எம்.ஆர். ரமேஷ் இயக்கிய படம் கன்னடத்தில் ‘அட்டஹாசா’ என்றும் தமிழில் ‘வனயுத்தம்’ என்றும் திரைக்கு வந்தது. கிஷோர்தான் வீரப்பன். எட்டு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு மனிதரைத் திரையில் பார்க்க மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவருடைய கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்ட நால்வர் தூக்குத் தேதிக்காகக் காத்திருந்தார்கள்.

சினிமாப் பக்கத்தில் கிஷோரின் மீசையைப் பற்றி எழுதினார்கள். நீதிமன்றப் பக்கத்தில் கருணை மனுவைப் பற்றி எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று அப்போது பலருக்கும் தோன்றவில்லை. ஆனால் மைசூரிலிருந்து பார்க்கும்போது இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு நிஜக் கொலையாளியாகத் தன்னை மாற்றிக்கொண்ட நடிகரின் சாதனை எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு, அவர் எவ்வளவு அச்சு அசலாக இருந்தார் என்பது பாதி பதில்தான். அந்தக் கொலையாளியைச் சுற்றியிருந்த உலகத்தை அவருடைய உடல் வழியாக நாம் எவ்வளவு தெரிந்துகொண்டோம் என்பது மீதி.

வீரப்பன் பிறந்தது 1952 ஜனவரியில், கோபிநத்தத்தில். அப்போது கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது அந்தத் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது; கோபிநத்தத்தின் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறாமலே மைசூரு மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை வீரப்பனின் முக்கியக் குற்றங்கள் பலவும் மைசூரு மாவட்டக் காவல்துறையின் எல்லைக்குள்தான் நடந்தன. அதனால் வழக்குகள் மைசூருக்கு வந்தன, கைதிகள் மைசூரு சிறைக்கு வந்தார்கள், இறந்த அதிகாரிகளின் குடும்பங்களும் இந்த ஊரில் இருந்தன.

சந்தனமும் மைசூருக்கு அந்நியமான சரக்கு அல்ல. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அதற்குப் பிறகு யாருடைய பட்டாவில் முளைத்தாலும் சந்தன மரம் அரசாங்கத்துக்கே சொந்தம் என்ற நிலை இரண்டு நூற்றாண்டுகள் நீடித்தது. முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவுக்குக் கட்டை அனுப்ப முடியாமல் போகவே, மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கும் ஆலையைத் தொடங்கியது. சொந்த நிலத்தில் வளர்ந்தாலும் வெட்ட முடியாத, வெட்டினால் கொழுத்த விலை போகும் மரம் ஒன்று ஏழை ஊர்களைச் சுற்றி நின்றால் கள்ளச்சந்தை தானாகவே வந்து சேரும். வீரப்பன் யானைத் தந்தத்தில் தொடங்கிச் சந்தனத்துக்கு வந்தவர். அவருடைய கொலைகளுக்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட நினைக்கும் எந்த நடிகரும் இயக்குநரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

திரையில் வீரப்பன் கிஷோருக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார். 1991 ஏப்ரல் 14 அன்று வெளியான ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தில் மன்சூர் அலிகான் ஏற்ற வீரபத்ரன், வீரப்பனை மனதில் வைத்து எழுதப்பட்ட பாத்திரம். வன அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ் கொல்லப்பட அப்போது இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. பாலாறு குண்டுவெடிப்புக்கு இரண்டு ஆண்டுகள். அதே 1991இல் கன்னடத்தில் ‘வீரப்பன்’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. நாடக மேடையிலிருந்து வந்த தேவராஜ் அதில் வீரப்பனாக நடித்து, சிறந்த நடிகருக்கான கர்நாடக அரசு விருதையும் வாங்கினார். இந்த இரண்டு நடிகர்களுக்கும் முன்மாதிரி என்று பார்க்க ஏதும் இல்லை. போலீஸ் கோப்பிலிருந்த பழைய புகைப்படத்தைத் தாண்டி வீரப்பனின் முகம் வெளியுலகத்துக்குத் தெரியாத காலம் அது. ஆகவே அவர்கள் செய்தது கற்பனை. மன்சூர் அலிகானின் வீரபத்ரன் கதாநாயகனுக்கு ஈடுகொடுக்கும் அசுரன். அந்தக் காலத்து வில்லன் மரபு என்ன கேட்டதோ அதைக் கொடுத்தார்.

நிலைமை மாறியது நக்கீரன் ஆசிரியர் கோபால் காட்டுக்குள் போய் வீரப்பனை வீடியோவில் எடுத்த பிறகுதான். 1996இல் அந்தப் பேட்டி தொலைக்காட்சியில் வந்தபோது இரண்டு மாநிலங்களும் வாய்பிளந்து பார்த்தன. ஒல்லியான ஆள். பச்சைச் சீருடை, தோளில் துப்பாக்கி, கன்னத்தைத் தாண்டிப் போகும் மீசை. பயமுறுத்தும் உருவமாக இல்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. நடந்ததை வெறுமனே சொல்லாமல் நடித்துக் காட்டினார், குரலை ஏற்றி இறக்கினார், கையை வீசினார், தன் நியாயத்தைச் சொல்லும்போது குமுறினார், அடுத்த நிமிடமே சிரித்தார். ஊர்த் திண்ணையில் கதை சொல்லும் பெரியவரின் லாவகம் அதில் இருந்தது. அவர் சொன்ன கதைகள் மட்டும் கொலைக் கதைகள்.

இந்த நாடாவைக் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒன்று புரியும். வீரப்பனை முதன்முதலில் நடித்துக் காட்டியவர் வீரப்பனேதான். கேமரா வந்த கணத்திலிருந்து, தான் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. மீசை அந்த வேடத்தின் பகுதி. கோபமும் கும்பிடும் சவாலும் அந்த வேடத்தின் பகுதிகள். ஆகவே 1996க்குப் பிறகு வீரப்பனாக நடிக்க வரும் எவருக்கும் இரட்டைச் சிக்கல். மாதிரி கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்த மாதிரியே ஒரு நடிப்பு. அதை அப்படியே நகலெடுத்தால், அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையைத்தான் நகலெடுக்க முடியும். வீடியோவில் பேசும் வீரப்பனுக்கும், 1991 நவம்பர் 10 அன்று, சரணடைவதாகச் சொன்னதை நம்பி வந்த ஸ்ரீனிவாஸைக் கொன்று தலையை அறுத்தெடுத்த வீரப்பனுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எந்த நாடாவும் நிரப்பாது. அதை நடிகர்தான் நிரப்ப வேண்டும்.

கிஷோர் அந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்பதற்கு அவருடைய பழைய படங்களே சாட்சி. சென்னப்பட்டணத்தில் பிறந்தவர், சினிமாவுக்கு வருமுன் கல்லூரியில் கன்னடம் கற்பித்தவர். 2004இல் கன்னடத்தில் அறிமுகமாகி, 2007இல் ‘பொல்லாதவன்’ செல்வமாகத் தமிழுக்கு வந்தார். அந்தச் செல்வத்தை நினைத்துப் பாருங்கள். வட சென்னைத் தாதா. ஆனால் சத்தம் போடாதவர், வீட்டில் பாசக்காரர், தம்பியின் அவசரத்தைக் கண்டு முகம் சுளிப்பவர். மிரட்டலை வெளியே கொட்டாமல் உள்ளே வைத்திருக்கும் வித்தை அது. ‘வெண்ணிலா கபடிக்குழு’வின் பயிற்சியாளரிடமும் அதே இறுக்கம் இருந்தது. இரண்டு மொழிகளிலும் சொந்த நாக்கோடு பேசக்கூடிய, எலும்பு தெரியும் உடல்வாகுள்ள, அமைதியாகவே அச்சமூட்டத் தெரிந்த நடிகர் ரமேஷுக்குத் தேவைப்பட்டார். கிடைத்தார்.

இயக்குநர் ரமேஷுக்கும் நிஜ வழக்குகள் புதிதல்ல. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் பெங்களூரு கோணனகுண்டேயில் ஒளிந்திருந்தவர்களின் கடைசி நாட்களை 2006இல் ‘சயனைட்’ என்ற கன்னடப் படமாக எடுத்தவர் அவர். தமிழில் அது ‘குப்பி’. அதில் சிவராசனாக வந்த ரவி காலே, ‘அட்டஹாசா’வில் வீரப்பனைத் தேடிய கர்நாடக அதிரடிப்படையின் தலைவர் சங்கர் பிதரியாக வருகிறார். ‘சயனைட்’டில் அந்த வீட்டைக் கொடுத்தவராக நடித்த ரங்காயண ரகு, மைசூரில் பி.வி. காரந்த் 1989இல் உருவாக்கிய ரங்காயண நாடகக் குழுவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். கன்னட சினிமாவில் நிஜ மனிதர்களை நடிப்பவர்கள் கேலிச்சித்திரமாகிவிடாமல் காப்பாற்றியதில் அந்த நாடகப் பள்ளிக்குப் பங்கு உண்டு. மேடையில் ஒரு பாத்திரத்தின் நடை, மூச்சு, எடை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பழகி வந்தவர்களுக்கு, மேக்கப் அறையில் ஒட்டும் மீசை முதல் படிகூட இல்லை என்பது தெரியும்.

கிஷோரின் வீரப்பனில் நினைவில் நிற்பது அவருடைய கண். காட்டில் வாழ்பவன் பேசிக்கொண்டிருக்கும்போதும் காதால் வேறெங்கோ கவனித்துக்கொண்டிருப்பான். பேச்சு எதிரில் இருப்பவரிடம், பார்வை மரங்களிடம். அந்தப் பிளவை அவர் பிடித்துவிட்டார். உட்காரும் விதத்திலும் அதைப் பார்க்கலாம்: எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராகக் குந்தியிருக்கும் உடல். கொலையில் அவர் வெறியை முன்னால் வைப்பதில்லை. வேலையை முடிக்கும் ஒருவனின் கவனத்தைத்தான் வைக்கிறார், அதனாலேயே பார்ப்பவருக்கு வயிறு கலங்குகிறது. மன்சூர் அலிகானின் அசுரன் தூரத்தில் இருப்பவன், அவனைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். கிஷோரின் வீரப்பன் பக்கத்து ஊர்க்காரன்.

2004 அக்டோபர் 18 இரவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கே. விஜயகுமார் தலைமையிலான தமிழக அதிரடிப்படையின் ‘ஆபரேஷன் கக்கூன்’. கண் சிகிச்சைக்காக வெளியே வருகிறார் என்று நம்பவைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே பாடியில் சுட்டுக் கொன்றார்கள் என்பது காவல்துறை சொல்லும் கணக்கு. மறுநாள் தர்மபுரியில் உடலைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. மீசை கத்தரிக்கப்பட்டுச் சாதாரண மீசையாகிவிட்டிருந்தது. வெளியுலகத்தில் அடையாளம் தெரியாமல் இருக்க அவரே குறைத்துக்கொண்டார் என்று காவல்துறை சொன்னது. அந்த முகத்தைப் பார்த்து, இது வீரப்பன்தானா என்று கேட்டவர்கள் பலர். இத்தனை ஆண்டுகளாக மக்கள் அறிந்திருந்தது மீசையை; முகத்தை அல்ல. ஒரு நடிகருக்கு இதைவிடக் கடினமான சோதனை வாய்க்காது. மீசை போன பிறகும் அந்த மனிதர் அதே மனிதராக இருக்க வேண்டும். ஒட்டு மீசையை மட்டும் நம்பியிருந்த எந்த வீரப்பனும் இந்த இடத்தில் கலைந்துபோவார். கிஷோர் கலையவில்லை என்பதற்குக் காரணம், மீசை இருக்கும்போதே அவர் அதை நம்பி நடிக்காததுதான்.

இந்த இடத்தில் உலக சினிமாவின் பிரபலமான உதாரணம் ஒன்று உதவும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா நெடுஞ்சாலைகளில் 1989, 1990இல் ஏழு ஆண்களைக் கொன்ற ஐலீன் வுவோர்னோஸாக, 2003இல் ‘மான்ஸ்டர்’ படத்தில் நடித்தார் சார்லிஸ் தெரோன். சுமார் 13 கிலோ எடை கூட்டி, பொய்ப்பல் மாட்டி, தோலின் நிறத்தையும் தழும்புகளையும் ஒப்பனையில் மாற்றி, அழகி என்று அறியப்பட்ட தன்னை அடையாளமே தெரியாமல் செய்துகொண்டார். 2004 பிப்ரவரி 29 அன்று ஆஸ்கர் விருது பெற்றார். வுவோர்னோஸ் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்குப் பிறந்த நாள். 2002 அக்டோபரிலேயே விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றிவிட்டார்கள். எல்லோரும் எடையையும் பல்லையும் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் தெரோனுக்கும் இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸுக்கும் உண்மையில் கைகொடுத்தவை, வுவோர்னோஸ் சிறையிலிருந்து தன் தோழிக்கு எழுதிய கடிதங்கள். கேமராவுக்காக எழுதப்படாதவை அவை. குழந்தைப் பருவத்தில் அனுபவித்த கொடுமை, தெரு வாழ்க்கை, பணத்துக்காக உடலை விற்ற இரவுகள் எல்லாம் அந்தப் பெண் நிற்கும் நிலையிலேயே தெரிந்ததற்கு அந்தக் கடிதங்கள் காரணம். கிஷோருக்கு அப்படி ஒரு கடிதக்கட்டு கிடைக்கவில்லை. அவருக்கு இருந்தவை வீடியோவில் வீரப்பன் நடித்துக் காட்டிய வீரப்பன், அதிரடிப்படையின் நினைவுகள், பத்திரிகைச் செய்திகள். இந்த மூன்றிலும் பேசுகிறவர்கள் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் குரல் அவற்றில் குறைவு. நடிப்பு தொட முடியாமல் நின்றுபோன எல்லை இதுதான், அதற்குக் கிஷோரைக் குறைசொல்ல முடியாது.

நிஜக் குற்றவாளியின் வாழ்க்கையைச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் தந்த அடிப்படைப் பதிலே ஒரு தமிழ்நாட்டுக் கொலையாளியை வைத்து எழுந்தது. செங்கல்பட்டுச் சிறையிலிருந்து ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவருடைய வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமையை மீறியதாகும் என்று வரையறுத்தது. சங்கர் 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கை நடத்திய அதே கோபால்தான் அடுத்த ஆண்டே வீரப்பனின் வீடியோவோடு வந்தார்.

வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி ‘வனயுத்த’த்துக்கு எதிராக நீதிமன்றப் படியேறியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். கணவர் இறந்துவிட்டார், ஆனால் திரையில் மனைவியாக வரும் பெண், உயிரோடு இருக்கும் அவர். அவருடைய திருமணமும் காட்டு வாழ்க்கையும் ஒரு நடிகையின் உடலில் ஊருக்குக் காட்டப்படுகின்றன. கடைசியில் அவருக்கு 25 லட்ச ரூபாய் தருவதென்று முடிவான பிறகே படத்துக்கு வழி பிறந்தது. கொலையாளியின் குடும்பத்துக்கு எதற்குப் பணம் என்று அப்போது பொரிந்து தள்ளியவர்கள் உண்டு. ஆனால் அவர் எந்தக் கொலையையும் நியாயப்படுத்திக் காசு கேட்கவில்லை. தன் வாழ்க்கையைத் தன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்றுதான் கேட்டார்.

ஒரே படம், ஒரே நடிகர். ஆனால் மைசூரு தியேட்டரிலும் சேலம் தியேட்டரிலும் கிஷோர் ஒரே ஆளாகப் பார்க்கப்பட்டிருக்க முடியாது. மைசூருக்கு வீரப்பன் என்றால் 1992 ஆகஸ்ட் 14 அன்று மீணியம் அருகே அவர் பதுங்கித் தாக்கிக் கொன்ற மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும். எல்லாவற்றுக்கும் மேலாக ராஜ்குமார். 1973இல் ‘கந்தத குடி’யில் நேர்மையான வன அதிகாரியாக நடித்துக் கன்னட மக்களுக்குக் காட்டைக் காட்டிய அதே ராஜ்குமாரைத்தான் 2000 ஜூலை 30 இரவு காஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் கூட்டிப்போய் 108 நாட்கள் காட்டில் வைத்திருந்தார். அவருடைய மகன் சிவராஜ்குமார் 2016இல் ராம்கோபால் வர்மாவின் ‘கில்லிங் வீரப்பன்’ படத்தில் வீரப்பனை வேட்டையாடும் போலீஸ்காரராக நடித்ததை எந்தக் கன்னட ரசிகரும் வெறும் சினிமாவாகப் பார்த்திருக்க மாட்டார். தமிழ்நாட்டின் வட மேற்கு ஊர்களில் கதை வேறு. காவிரி, திருவள்ளுவர் சிலை, கர்நாடகத்தில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி என்று கடத்தலின்போது அவர் வைத்த கோரிக்கைகள் அவருக்கு இன்னொரு முகத்தைக் கொடுத்தன. மக்கள் தொலைக்காட்சியில் கௌதமன் இயக்கிய ‘சந்தனக்காடு’ தொடரில் கராத்தே ராஜா நடித்த வீரப்பன் அந்த முகத்துக்கு நெருக்கமானவர். அதிரடிப்படையின் கொடுமைகளுக்கு அந்தத் தொடர் நிறைய இடம் கொடுத்தது.

அந்த 108 நாட்களில் மைசூருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. மைசூரு சிறையில் இருந்த தடா கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது வீரப்பனின் கோரிக்கைகளில் ஒன்று. கர்நாடக அரசு இணங்கியது. தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற மைசூரு நீதிமன்றமும் அனுமதி கொடுத்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், கொல்லப்பட்ட ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம். அவரும் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. 2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாநிலமே தன் பெரிய நடிகரின் உயிருக்காகப் பதறிக்கொண்டிருந்தபோது, மகனை இழந்த ஒரு முதியவர் சட்டம் இப்படி வளையக் கூடாது என்று தனியாக நின்றார். ராஜ்குமார் எட்டு நாள் கழித்து விடுதலையானார். அப்துல் கரீமின் இந்த நிலைப்பாட்டில் ஒரு முழுநீளப் படத்துக்கான கனம் இருக்கிறது.

அவர் எதிர்த்த விடுதலைக்குக் காத்திருந்தவர்களின் கதையும் அதே கனம் கொண்டது. பாலாறு, ராம்புரா காவல் நிலையத் தாக்குதல், ஹரிகிருஷ்ணா கொலை என்று பல வழக்குகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தடா சட்டத்தின்கீழ் மைசூரு சிறையில் அடைக்கப்பட்டார்கள். மாதேஸ்வரன் மலையைச் சுற்றிய ஊர்களின் விவசாயிகள், கூலிகள், பழங்குடிகள். பெண்களும் இருந்தார்கள். ஜாமீன் கிடைக்காத சட்டம் அது. 2001இல் மைசூரு தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள், ஏழெட்டு ஆண்டுகள் கழித்து. தண்டிக்கப்பட்டவர்களில் நால்வர் ஆயுள் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தானாகவே அதை மரண தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கிடந்தது. 2013 பிப்ரவரியில் நிராகரிப்பு. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது. 2014 ஜனவரி 21 அன்று, இவ்வளவு தாமதமே கொடுமை என்று சொல்லி, மற்ற பல கைதிகளோடு சேர்த்து இந்த நால்வரின் தண்டனையும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

இவர்கள் எல்லோரும் ‘அட்டஹாசா’வின் காட்சிகளில் கூட்டமாக மட்டுமே இருக்க முடியும். கதை பெரும்பாலும் அதிரடிப்படை வழியாக நகர்கிறது. அர்ஜுன் ஏற்ற விஜயகுமாரின் வெற்றியில் முடிகிறது. வேட்டையாடுபவரும் வேட்டையாடப்படுபவரும் மட்டுமே முகம் உள்ளவர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த நீதிபதி ஏ.ஜே. சதாசிவா குழு, மலைக் கிராம மக்களிடம் வாக்குமூலம் வாங்கி, அதிரடிப்படையின் அத்துமீறல்களைப் பதிவு செய்தது. மாதேஸ்வரன் மலையில் ‘ஒர்க்‌ஷாப்’ என்று அழைக்கப்பட்ட இடத்தில் நடந்த சித்திரவதைகள் அந்த வாக்குமூலங்களில் வருகின்றன. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் 2004இலேயே இந்த மக்களை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது. சினிமா மட்டும் மீசையையே திரும்பத் திரும்பச் சுற்றி வந்தது. ராம்கோபால் வர்மா தேர்ந்தெடுத்த சந்தீப் பரத்வாஜ் அச்சில் வார்த்ததுபோல் வீரப்பன் ஜாடையில் இருந்தார். கன்னடத்தில் ஒரு படம், அதே ஆண்டு இந்தியில் ஒரு படம். ஜாடை கூடியதே தவிர, தெரிந்ததற்குமேல் ஒன்றும் கூடவில்லை.

கிஷோரின் நடிப்பு வாழ்க்கை அதற்குப் பிறகு போன திசை கவனிக்கத்தக்கது. ‘வனயுத்தம்’ வந்த இரண்டு வாரங்களில், 2013 மார்ச் 1 அன்று, ‘ஹரிதாஸ்’ வெளியானது. அதில் அவர் என்கவுன்டர் போலீஸ் அதிகாரி, ஆட்டிசம் உள்ள சிறுவனின் தந்தை. சுட்டு வீழ்த்தப்பட்டவராக வந்த அதே முகம், சுடுபவராக வந்தது. 2022இல் ‘காந்தாரா’வில் காட்டுவாசிகளோடு மோதும் வன அதிகாரி முரளிதர் ஆனார். சட்டம் தெரிந்த, ஆனால் அந்த மண்ணின் வழக்கம் புரியாத அதிகாரியாக அவர் காட்டும் விறைப்பும், படம் போகப்போக அது இளகுவதும் கவனமாகச் செய்யப்பட்டவை. சந்தனக் கடத்தல்காரன், காவல் அதிகாரி, வன அதிகாரி என்று காட்டுப் பிரச்சினையின் எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்து எழுந்த நடிகர் தென்னிந்தியாவில் இன்னொருவர் இருப்பது சந்தேகம். ஒரு நாற்காலி மட்டும் பாக்கி: நடுவில் மாட்டிக்கொண்டவருடையது.

2023இல் வந்த இரண்டு ஆவணத் தொடர்கள் அந்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. செல்வமணி செல்வராஜின் ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’ தொடரில் முத்துலட்சுமி தன் கதையைத் தானே சொல்கிறார், காவல் அதிகாரிகளும் வன அதிகாரிகளும் அவரவர் பக்கத்தைச் சொல்கிறார்கள். ‘கூச முனிசாமி வீரப்பன்’ நக்கீரனின் பழைய நாடாக்களோடு, அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களின் குரலையும் சேர்த்துக்கொண்டது. நிஜ மனிதர்கள் பேச ஆரம்பித்த பிறகு நடிகர்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தமில்லை. ஆவணப்படத்தில் ஒருவர் நடந்ததைச் சொல்லலாம். 1993இல் வயலிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டு, 2001இல் நீ குற்றவாளி இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர் மைசூரு சிறை வாசலில் எப்படி நின்றிருப்பார், பஸ்ஸுக்குக் காசு யாரிடம் கேட்டிருப்பார், ஊர்போய்ச் சேர்ந்தபோது எட்டு வயது கூடியிருந்த பிள்ளை அவரை என்னவென்று கூப்பிட்டிருக்கும் என்பதெல்லாம் நடிகரின் வேலை. அதை எழுத உச்ச நீதிமன்றத்தின் 2000, 2004, 2014 தீர்ப்புகளும், சதாசிவா குழு வாங்கிய வாக்குமூலங்களும், இன்னும் உயிரோடு இருக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். கிஷோருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்த வேடத்துக்குச் சரியான வயது.